அடாச்சி தோட்டத்துக்குள் இறங்க விடமாட்டார்கள்
ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் இருக்கும் அடாச்சி கலைக்கூடத் தோட்டத்தில் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று ஒரு பயணக் கட்டுரையில் இருக்கிறது. நடக்கவே முடியாது! பெரும்பாலும் கட்டடத்துக்குள் நின்று கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். நானும் போனபோது தோட்டத்துக்கு வாசல் எங்கே என்று ஒரு சுற்று தேடினேன். அப்புறம்தான் புரிந்தது, ஜன்னல் சட்டமே ஓவியச் சட்டம். ஓர் அறையில் சுவரையே திறந்து, தொங்கும் சுருள் ஓவியம் மாதிரி தோட்டம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். தூரத்து அருவிகூட 1978-இல் அமைத்த செயற்கை அருவிதான், சொன்னால்தான் தெரியும். சரி, நடக்க ஆசையென்றால் அதே ஷிமானேயில் இருக்கும் மாட்சுவே கோட்டை அகழியோரம் போங்கள். 1611-இல் கட்டிய மரக் கோபுரம் இன்றும் நிற்கிறது. உள்ளே படிகள் ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள்.