மேலவை இருக்கட்டும், டிகிரி ஓட்டுதான் வேண்டாம்

தமிழ்நாட்டில் சட்டமன்றத்தின் இரண்டாவது சபையான மேலவையை 1986-ல் எம்.ஜி.ஆர். கலைத்தார். குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. கலைஞர் 2010-ல் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் அது கிடப்பில் போனது. அதனால்தானோ என்னவோ, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சவுதாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க இன்னும் ரெண்டு சபை வச்சிருக்காங்களா? தண்டச் செலவு" என்கிறார்கள். பெங்களூருவில் இருக்கும் எனக்கு அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.

காரணம், 2024 பிப்ரவரியில் நடந்தது. கோயில் வருமானம் பற்றிய அறநிலையத் திருத்த மசோதா பேரவையில் சுலபமாக நிறைவேறி, மேலவைக்குப் போய்த் தோற்றது. ஆளுங்கட்சிக்கு அங்கே பெரும்பான்மை இல்லை. மசோதா சரியா தவறா என்பது வேறு பேச்சு. சில நாளிலேயே பேரவை அதை மறுபடி நிறைவேற்றியது. மேலவையின் பலம் அவ்வளவுதான்: முதல் தடவை மூன்று மாதம், பேரவை மறுபடி அனுப்பினால் ஒரு மாதம். பண மசோதா என்றால் வெறும் 14 நாள். தடுக்க முடியாது, தாமதிக்க மட்டும் முடியும். எந்தக் கட்சி அசுர பலத்தோடு வந்தாலும் அந்தச் சின்ன வேகத்தடை இருக்கட்டும் என்பது என் வாதம்.

சரி, அங்கே உட்காருவது யார்? மொத்தம் 75 பேர். எம்.எல்.ஏ.க்கள் அனுப்புவது 25, உள்ளாட்சி உறுப்பினர்கள் அனுப்புவது 25, ஆளுநர் நியமனம் 11, பட்டதாரிகள் ஓட்டுப் போட்டு அனுப்புவது 7, ஆசிரியர்கள் அனுப்புவது 7. எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பட்டதாரி தொகுதியில்தான்.

2024 ஜூனில் அதில் ஓட்டுப் போட்டேன். வழக்கமான வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் படிவம் 18 நிரப்பி, சான்றொப்பம் வாங்கிய டிகிரி நகலை இணைக்க வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். பூத்தில் மெஷின் கிடையாது, சின்னம் கிடையாது. ஊதா ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுத்து வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போடச் சொல்வார்கள்.

அல்சூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். தெருவில் சாக்கடை அடைத்தாலும் தண்ணீர் வராவிட்டாலும் வார்டு ஆபீசில் போய் நின்று சண்டை போடுவது அவர்தான். "எனக்கு எந்த பூத்துப்பா?" என்றார். "இது டிகிரி ஓட்டுக்கா, உங்களுக்கு இல்ல" என்று சொல்ல நாக்கூசியது. பட்டதாரிகளை விரல் விட்டு எண்ணிய காலத்து ஏற்பாடு இது. இன்னும் எதற்கு? ஆசிரியர் தொகுதியும் இதே லட்சணம்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு அதிலும் ஓட்டு இல்லை.

நியமன இடங்கள் இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை இவற்றில் தேர்ந்தவர்களுக்கு என்கிறது சட்டம். சீட் கிடைக்காத கட்சிக்காரர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் சமூக சேவகர்களாகிவிடுவது தனி அதிசயம்!

உள்ளாட்சிக்கான 25 இடம்தான் உண்மையில் உருப்படியான யோசனை. அதையும் பெங்களூருவில் கெடுத்து வைத்திருக்கிறார்கள். மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை. 2021 டிசம்பரில் உள்ளாட்சி இடங்களுக்கு ஓட்டெடுப்பு வந்தபோது, ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊரின் சார்பில் ஓட்டுப் போட ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லை. சுற்றுவட்டார கிராமப் பஞ்சாயத்துக்காரர்கள் போட்டார்கள்.

இதைச் சரிசெய்ய அரசியல் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம். மேலவையின் அமைப்பை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் போட்டே மாற்றலாம் என்று 171-வது பிரிவே சொல்கிறது. பட்டதாரி, ஆசிரியர் இடங்கள் பதினான்கையும் உள்ளாட்சிக்குக் கொடுங்கள். நியமனத்தைக் கட்சிக்காரர்களுக்கு மூடுங்கள்.

அதை விட்டுவிட்டு "கலைத்துவிடு" என்று கிளம்புவது பெரும்பாலும் கோபத்தில்தான். ஆந்திராவில் என்.டி.ஆர். 1985-ல் கலைத்தார், 2007-ல் திரும்பி வந்தது. மாநிலத்துக்கு மூன்று தலைநகர் வைக்கும் மசோதா மேலவையில் சிக்கியதும் 2020 ஜனவரியில் அப்போதைய முதல்வர் ஜெகன் கலைக்கத் தீர்மானம் போட்டார். அடுத்த வருடம் நவம்பரில், மேலவையில் தன் கட்சியின் பலம் கூடிய பிறகு, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இங்கே 2021-ல் வந்த உள்ளாட்சி உறுப்பினர்களின் ஆறு வருடம் 2028 தொடக்கத்தில் முடிகிறது. பெங்களூரு மாநகராட்சியை 2025-ல் ஐந்தாகப் பிரித்தாயிற்று. அந்த ஐந்துக்கும் கவுன்சிலர்கள் இல்லாமல் அடுத்த மேலவை ஓட்டெடுப்பை நடத்தினால், ஆளுவது எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர்கள் வாசலில்தான் நாம் முதலில் போய் நிற்க வேண்டும்.