முதுகுப் பையின் பிவிசி சட்டம் இலேசு என்பது பாதிதான் சரி

முதுகில் சுமக்கும் மலையேற்றப் பையின் சட்டத்தை, அதாவது பாரம் தாங்கும் குழாய்க் கூட்டை, செய்ய அலுமினியத்தைவிட பிவிசி குழாய்தான் இலேசு என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். அடர்த்தியில் சரிதான்: பிவிசி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம், அலுமினியம் 2.7. ஆனால் சட்டத்துக்கு வேண்டியது விறைப்பு, அதாவது பாரத்தில் வளையாமல் நிற்கும் தன்மை. அதில் அலுமினியம் 20 மடங்குக்கு மேல். மெல்லிய அலுமினியக் குழாய் தரும் விறைப்பை பிவிசியில் கொண்டுவர தடிமனைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் அதுதான் கனம்.

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தபோது நானும் பிவிசி சட்டம்தான் கட்டிப்போனேன். சிங்கம்புணரி வருவதற்குள் நெடுங்குழாய் இரண்டும் வில்லாக வளைந்து, குறுக்குக் குழாய் முதுகெலும்பில் உரச ஆரம்பித்துவிட்டது. பிவிசி தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல வளையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இன்னும் இளகும். தயவுசெய்து நீண்ட நடைக்கு அதை நம்பாதீர்கள்.

காரைக்குடி பக்கம் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறைகளில் துண்டுக் குழாய் கேட்டுப் பாருங்கள். வளைக்கும்போது உள்ளே உலர்ந்த மணலை இறுக்கமாக நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள், நசுங்காது. அப்புறம், சட்டத்தின் அடிமுனை இடுப்புப் பட்டைவரை இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த உலோகமானாலும் பாரம் முழுக்கத் தோளில்தான்.