வால்வுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்

பழைய ஸ்கூபா கம்ப்ரசரை (கடலில் மூழ்குபவர்களின் சிலிண்டரில் காற்றடைக்கும் மெஷின்) வீட்டிலேயே பிரித்துச் சுத்தம் செய்யும் முறையைப் பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறவைக்கச் சொன்ன இடத்தில் நெஞ்சு பதறிவிட்டது. தயவுசெய்து அதை மாற்றுங்கள். இது டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் இல்லை. இந்தக் காற்றை ஒருவர் கடலடியில் சுவாசிக்கப்போகிறார்.

காற்றைப் படிப்படியாக அழுத்தும் இந்த மெஷினில், நான் முதன்முதலாகக் கடைசிப் படியின் (ஸ்டேஜ்) வால்வைக் கழற்றியபோது தகடு முழுக்கத் தார் மாதிரி கருப்பாக அப்பியிருந்தது. எண்ணெய் கருகிய கரி. சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ், இவ்வளவுதான் தேவைப்பட்டது. கம்பி பிரஷ் போட்டால் வால்வு உட்காரும் முகம் கீறிப்போகும். நன்றாக அலசி, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, புது ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட்டுப் பூட்டினேன்.

கரி சேர்ந்தால் வால்வு சரியாக மூடாது. வால்வு இருக்கும் மேல்பகுதியான ஹெட் சூடேறும், எண்ணெய் கருகும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு, விஷத்தின் வீரியமும் அப்படியே ஏறும். ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இதைப் பிடிக்காது. ஹாப்கலைட் என்ற வேதிப்பொருள்தான் இதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும், அதுவும் ஈரம் பட்டால் வேலை செய்யாது. அதனால் ஓடும்போது 10-15 நிமிடத்துக்கு ஒருமுறை, அழுத்திய காற்றிலிருந்து பிரிந்து கம்ப்ரசருக்குள் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பெட்ரோல் இன்ஜின் என்றால் காற்று இழுக்கும் குழாயைப் புகை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். சேஃப்டி வால்வில் மட்டும் கை வைக்காதீர்கள். பூட்டியபின் நிரப்பும் முதல் சிலிண்டரை கார்பன் மோனாக்சைடு மீட்டரில் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.