மார்க் மட்டும் போட்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

பேப்பர் திருத்துகிற ஆசிரியர்கள் பிள்ளைக்கு ஒரு வரியாவது எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே தவறியது, அதை எப்படிச் சரிசெய்வது என்று அந்தப் பிள்ளைக்கே புரிகிற மாதிரி ஒரு வரி. வடசென்னைத் தண்டையார்பேட்டையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். அவர்கள் கொண்டுவரும் நோட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்று எழுதி வைத்திருப்பான் பையன். அதன்மேல் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, பக்கத்தில் முட்டை. அவன் என்ன நினைத்துக்கொள்வான்? 'எனக்கு வகுத்தலே வராது.' ஆனால் அவனுக்கு ஆறாம் வாய்ப்பாடு தெரியும், அடுத்த இலக்கத்தை இறக்கத் தெரியும். பத்துகள் இடத்து 1-ல் 6 போகாது, அதனால் ஈவில் அங்கே 0 போட வேண்டும் என்பது ஒன்றுதான் விட்டுப்போனது. அதை மட்டும் எழுதி, 824-ஐ 8-ஆலும் 535-ஐ 5-ஆலும் வகுத்துக் காட்டு என்று சொன்னால் போதும், அன்றைக்கே பிடித்துக்கொள்வான்.

கட்டுரை நோட்டு நிலைமை இன்னும் மோசம். காசிமேட்டுப் பிள்ளை ஒருத்தி கோடை விடுமுறை பற்றி எழுதியிருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. 'அப்பா வீட்டில் இருந்தார். வலை சரி செய்தார். நானும் கூட இருந்தேன்.' அவ்வளவுதான் கட்டுரை. கீழே 'மிகச் சுருக்கம், முயற்சி தேவை' என்று எழுதிப் பத்துக்கு நாலு போட்டிருந்தார்கள். எதில் முயற்சி செய்ய வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? 'கிழிந்த வலையை அப்பா எப்படிச் சேர்க்கிறார்? நீ எதைப் பிடித்துக்கொண்டாய்? பார்த்ததை எழுது' என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பாள். அந்த வகுப்பில் வேறு யாராலும் எழுத முடியாத இரண்டு பக்கம்!

வியாசர்பாடி மைதானத்துக் கால்பந்து கோச்சுகளைப் பாருங்கள். 'பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் பாருடா' என்று அந்த நிமிஷமே சொல்லி, மறுபடியும் ஆட விடுகிறார்கள். வகுப்பறையில் அந்த 'மறுபடியும்' இல்லை. பேப்பர் வருகிறது, மார்க்கை ரிப்போர்ட் கார்டில் ஏற்றுகிறோம், அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறது.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. 1988-ல் ரூத் பட்லர் என்கிற கல்வி ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்தார். மார்க் மட்டும், குறிப்பு மட்டும், இரண்டும் சேர்த்து. குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களுக்குக் குறிப்பால் பலனில்லை. நம் பிள்ளைகளும் அப்படித்தான், எண்ணைப் பார்த்த கண் கீழே உள்ள வரிக்குப் போவதில்லை. அதனால் குறிப்பை முதலில் கொடுங்கள், மார்க்கை இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள். வெறும் 'வெரி குட்'டும் உதவாது, எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். 'உனக்கு மண்டையில ஏறாது' என்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அந்த ஒரு வார்த்தையில் பள்ளிக்கூடத்தையே வெறுத்த பிள்ளைகள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கணக்குப்படி பார்த்தாலே நோட்டு மலையாகக் குவியும், அதற்குமேல் எமிஸ் என்கிற அரசுக் கல்வித் தகவல் தளத்தில் பதிவு வேறு. எல்லா நோட்டிலும் தினமும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். இன்றைக்குப் பத்து நோட்டு, நாளைக்குப் பத்து. பாதி வகுப்பு ஒரே தப்பைச் செய்திருந்தால் போர்டில் போட்டு விளக்கலாம். தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம் நடத்துகிற வழக்கம் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பார்வை ஏன் மறைய வேண்டும்?

வசதியான வீட்டில் பேப்பரை அம்மாவோ டியூஷன் மிஸ்ஸோ உட்கார்ந்து விளக்கிவிடுவார்கள். கொருக்குப்பேட்டையில் அப்பா லோடு ஏற்றப் போயிருப்பார், அம்மா வீட்டு வேலைக்குப் போயிருப்பார். அங்கே ஆசிரியர் எழுதுகிற வரியை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு விளக்கம் கிடையாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, குடிநீர், கழிவறையோடு இதையும் கூட்டத்தில் வையுங்கள். அரையாண்டுப் பேப்பர் கொடுக்கும் வாரத்தில், தப்பான கணக்கைப் பிள்ளைகள் திரும்பப் போட்டுப் பார்க்க எந்தப் பீரியடை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.