பிள்ளை ஆசைக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட என் தோழியின் வளைகாப்புப் படத்தின் கீழே, கருத்துகளில் நடந்த கூத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "நாளைக்கே என்ன ஆகுமோ தெரியாதவளுக்குப் பிள்ளை எதற்கு? சுயநலம்" என்று எழுதிய பெரியவர் அதை நீக்கிவிட்டார். ரொம்ப நன்றி. அதற்கு விருப்பக்குறி இட்ட என் சொந்தக்காரர்கள் எதை நீக்குவார்கள்?

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண் பிள்ளை பெறுவது சுயநலம் என்றால், நீங்கள் பெற்றது என்ன, சமூக சேவையா?

கர்ப்பமானால் நோய் திரும்பிவிடும் என்கிறீர்கள். 'பாசிட்டிவ்' என்ற ஆய்வு 2023-இல் வெளியானது. மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க 18 முதல் 30 மாதம் ஹார்மோன் சிகிச்சை எடுத்தபின், பிள்ளைக்காக அதை இரண்டு ஆண்டு வரை நிறுத்திவைத்த 516 பெண்கள். மூன்றாண்டில் நோய் திரும்பியது 8.9 சதவீதம், நிறுத்தாதவர்களோடு ஒப்பிட்டபோது அங்கே 9.2. நீண்ட காலக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும், சரி. உங்கள் கணக்கு எந்த ஆய்வில் வந்தது? என் தோழியும் மருத்துவர் சம்மதித்த பிறகுதான் அந்த ஹார்மோன் மாத்திரையை நிறுத்தினார்.

பிள்ளைக்கும் வருமாம். புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரையாக வருபவை. தலைமுறை தலைமுறையாகச் சர்க்கரை நோய் ஓடும் வீட்டில் வளைகாப்பு நடந்தால் இந்தக் கேள்வி வருவதில்லையே, ஏன்?

எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது திருமணமாகவில்லை. முடி கொட்டும், வாய்ப்புண் வரும், வெளிச் சாப்பாடு கூடாது என்றெல்லாம் சொன்னார்கள். சில கீமோ மருந்துகள் விந்தணுவையும் கருமுட்டையையும் அழித்துவிடும் என்பதை மட்டும் எந்த மருத்துவரும் சொல்லவில்லை. சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் இதைப் பேசுங்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2006-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எங்கள் வார்டில் பேசியது ஒரு நர்ஸ் அக்கா. ரத்தம் எடுக்க நரம்பு தேடியபடியே, "தம்பி, மருந்து ஏற்றுவதற்கு முன்னால் விந்து எடுத்துச் சேமித்து வைத்துவிடுங்கள்" என்றார். பக்கத்தில் இருந்த அப்பா சட்டென்று மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார். மறுநாள் அவரே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். வழி நெடுகக் கிரிக்கெட் பேசினார். வாழ்நாளில் ஒரு மேட்ச் முழுதாகப் பார்க்காத மனிதர்.

எனக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வேலை முடிந்தது. பெண்ணுக்குச் சுமார் இரண்டு வாரம் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, லட்சத்தைத் தாண்டும் செலவு. கீமோ தொடங்குமுன் கிடைத்த சிறு இடைவெளியில் இத்தனையையும் முடித்த என் தோழியைத்தான் யோசிக்காமல் செய்துவிட்டாள் என்கிறீர்கள்.

தாயில்லாப் பிள்ளையாகிவிடுமே என்ற கவலை நியாயம்தான். அது பெற்றவளுக்குத் தோன்றாமல் உங்களுக்கு மட்டும் தோன்றியது என்று நினைக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தத்து எடுக்கலாமே" என்கிறவர்கள் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளைப் புரட்டிப் பாருங்கள். தத்தெடுப்பவருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்கிறது விதி. குணமானவர் இதில் எந்தக் கணக்கில் சேருவார் என்பதைச் சான்றிதழ் எழுதுகிற மருத்துவரின் பேனாதான் சொல்ல வேண்டும். அறிவுரை சொல்ல எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

எனக்குப் பெண் தேடியபோது தரகர் சொன்னார்: "நோய் போகட்டும் சார், பிள்ளை பிறக்குமா என்றுதான் கேட்கிறார்கள்." அப்பா அந்த விந்தணு வங்கி ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பிள்ளை பிறக்காவிட்டால் மாப்பிள்ளையிடம் குறை, பிறந்தால் தாயின் சுயநலம். கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று என் மனைவியைச் சமையலறையில் மடக்கிக் கேட்டதும் இதே சொந்தங்கள்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.