ஒரு மணி ஆனால் எழுந்துவிடுங்கள்

எழும்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் முதல் எட்டு வருடம் மதியச் சாப்பாடு கம்ப்யூட்டர் முன்னால்தான். ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கை மவுஸில். டப்பாவை மூடியதும் அடுத்த ஃபைல். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் எழுவேன்.

மூன்று வருடம் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7 தொட்டாலே எச்சரிக்கை, 6.5 என்றால் நீரிழிவு. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "மதியம் சாப்பிட்டதும் என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்திருப்பேன் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

சோறு சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். அந்த நேரத்தில் நடந்தால் கால் தசைகள் அந்தச் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும். பத்துப் பதினைந்து நிமிட நடைக்கே பலன் உண்டு. சாப்பிட்டபின் குறுநடை போகச் சொல்லி நம் சித்த மருத்துவம் எப்போதோ சொன்னதும் இதைத்தான். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே ரோடுதான்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டோம். ஒன்றிலிருந்து ஒன்று இருபது வரை சாப்பாடு. பிறகு பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம் வரை நடந்து திரும்புவோம். 1896இல் திறந்த நூலகம், அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. அந்தச் சிவப்புக் கட்டடங்களையும் மர நிழலையும் எட்டு வருடம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று இன்னும் மனசு வலிக்கிறது. மேசைக்கு அடியில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ, பையில் ஒரு சின்னத் துண்டு. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கத்திரி வெயிலில் இது நடக்காது, முயலவும் வேண்டாம். அந்த நாட்களில் கீழே பார்க்கிங்கில் ரிங் ஆடுவோம். பள்ளிக்கூடத்தில் ஆடிய அதே ரப்பர் வளையம்தான். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு கயிறு கட்டினால் போதும். குனிந்து, எம்பி, ஓடிப் பிடித்து ஆடுவதில் காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோளும் இடுப்பும் விட்டுப்போகும். ஆனால் ரிங்கும் மாடிப்படி ஏறுவதும் சாப்பாட்டுக்கு முன்புதான். வயிறு நிறைந்தபின் மெதுநடை மட்டும். ஒருமுறை மாற்றிச் செய்துவிட்டுச் சாயங்காலம் வரை நெஞ்சு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.

"நேரமே இல்லை" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நான்கு மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தரச் சொல்கிறது. அது மேலாளர் மனமிரங்கித் தருவது இல்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒன்றரைக்கு மீட்டிங் வைப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். இன்று அப்படி யாராவது கூப்பிட்டால் இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள், தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள்.

இதையெல்லாம் என் சித்தி மகளிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தி. நகரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். "அக்கா, எனக்கு அந்த நேரத்துல கால நீட்டி உட்கார்ந்தா போதும்க்கா" என்றாள். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல்தான் நம் மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். அவள் கணுக்கால் வீக்கத்துக்கு நடை மருந்து ஆகாது. காலைச் சற்று உயர்த்தி வைத்துப் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதுதான் அவளுக்குப் பயிற்சி. காலை முழுக்க உடம்புக்கு எது கிடைக்கவில்லையோ அதைத்தான் மதியம் கொடுக்க வேண்டும் என்று அவளிடம்தான் கற்றேன்.

போன மாதப் பரிசோதனையில் 5.8. சோற்றையும் குறைத்திருக்கிறேன், அதனால் எல்லாம் நடையால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மணிக்குக் கண்ணைச் சொருகும் அந்தத் தூக்கம் இப்போது வருவதே இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை, அருங்காட்சியகம் விடுமுறை. பன்னிரண்டே முக்காலுக்குப் பார்க்கிங்கில் கயிறு கட்டுவோம். இரண்டாவது மாடியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் ஆட வருகிறேன் என்றிருக்கிறாள்.