உறைமோரும் ஒரு கம்பைலரும்

"ரஸ்ட் கம்பைலரைச் சோர்ஸிலிருந்து கட்டாதவன் எல்லாம் என்ன புரோகிராமர்?" என்று ஓர் அண்ணன் கேட்டுவிட்டார். ரஸ்ட் ஒரு நிரல்மொழி; அதில் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர்; சோர்ஸ் என்பது மனிதர் எழுதிய மூல நிரல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பைலருக்காக இயந்திரக் குறியீட்டை உருவாக்கித் தரும் எல்எல்விஎம்மைக்கூடத் தயாராக இறக்கிக்கொள்வதில்லை என்று சபதம் வேறு எடுத்தேன்.

தண்டையார்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை. ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய மடிக்கணினி. ராம் 4 ஜிபி. ரஸ்ட் வழிகாட்டியோ 8 ஜிபி ராமும் 30 ஜிபி காலியிடமும் கேட்கிறது. பகலில் அந்தக் கூரையின் கீழ் மனிதனே வேகிறான், பிராசஸர் எம்மாத்திரம்? சூடேறினால் அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் இரவு 11 மணிக்குமேல், காற்றுப் போக மடிக்கணினியின் மூலைக்கு இரண்டு கேரம் காய்களை முட்டுக்கொடுத்து ஆரம்பிப்பேன்.

எல்எல்விஎம் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதியது. ஒரே நேரத்தில் நான்கு கோப்புகளைத் தொகுக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் மவுஸ் அம்பு திரையின் நடுவில் உறைந்து நின்றது. பிறகு 'கில்டு' என்று ஒற்றைச் சொல். கொன்றது யார், எதற்காக, ஒரு விவரமும் இல்லை. பதிவுகளைத் தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது: நினைவகம் தீர்ந்துபோனால், பெரும்பாலும் அதிகம் தின்கிற நிரலை லினக்ஸின் மைய நிரலான கர்னலே தீர்த்துக்கட்டிவிடும். மூன்று இரவுகளாக நான் என் அறிவைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்! ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் கொடுக்கும் ஸ்வாப் கோப்பை 8 ஜிபிக்குப் போட்டு, ஒவ்வொரு கோப்பாக ஓட்டினேன். விடிந்தும் முடியவில்லை. கரண்டும் போனது.

நான்காம் இரவு அம்மா பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கி வந்து பாலில் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். ரஸ்ட் கம்பைலர் ரஸ்ட்டிலேயே எழுதப்பட்டது. அதைக் கட்ட ஏற்கெனவே ஒரு ரஸ்ட் கம்பைலர் வேண்டும். ஸ்டேஜ் 0 எனப்படும் அந்த முதல்படி கம்பைலர் தயாராகத்தான் இறங்குகிறது. அதை வைத்து ஸ்டேஜ் 1, அதை வைத்து ஸ்டேஜ் 2. மோரே இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைப்பார்களே, அப்படி முதல் கம்பைலரை ஓகேமல் என்ற வேறொரு மொழியில் எழுதினார்கள். 2011-இல்தான் ரஸ்ட் தன்னைத் தானே தொகுத்துக்கொண்டது.

அப்படியானால் அண்ணனின் வீறாப்பு எதற்கு? அவரும் இரவல் மோரில்தான் தொடங்குகிறார். சோர்ஸிலிருந்து கட்டினால் நம்பலாம் என்பார். உறைமோர் கெட்டிருந்தால் சுத்தமான பாலும் கெடும். கம்பைலருக்குள் ஒளித்த சூது, சோர்ஸில் தடயமே இல்லாமல் அடுத்தடுத்த கம்பைலருக்கும் தொற்றும் என்பதை, 1984-இல் வெளியான தம் டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) உரையிலேயே, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் காட்டிவிட்டார். 4 ஜிபி வைத்திருப்பவன் எல்எல்விஎம்மை இரவல் வாங்கினால் மட்டும் தீட்டா? அந்தக் கேள்வியை 32 ஜிபி வைத்திருப்பவர்கள் கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.

எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். தயார் எல்எல்விஎம் இறங்கியது. ஸ்டேஜ் 1 போதும் என்று நிறுத்திக்கொண்டேன். கம்பைலரில் கைவைத்துப் பார்க்க அதுவே தாராளம். முடிந்தபோது மணி அதிகாலை மூன்றரை. அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. காய்களை எடுத்துப் பெட்டியில் போட்டேன். சிவப்புக் காய் மட்டும் இன்னும் சுட்டது.